நான் எடுத்த ஒரு வெற்றிலை

எங்கள் ஊரிலிருந்து கொடைக்கானல் பஜாருக்கு ஒற்றையடிப் பாதையில் முக்கால் மணி நேரம். பூண்டுப் பாத்திகளைத் தாண்டி ஓடையில் இறங்கி, சோலைக்காட்டுக்குள் நுழைந்து, பைன் மரங்களுக்கு நடுவே மூச்சு வாங்க ஏறினால் டவுனின் பின்பக்கம் வந்துவிடும். பதினாறு வருடமாக அதில் போய் வருகிறேன். அதில் பாதி நாட்கள் பத்தடிக்கு அப்பால் எதையும் பார்த்ததில்லை. மேகம் இறங்கிவிட்டால் பாதை காலுக்குத்தான் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. கால் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். நான் எங்கேயோ இருப்பேன்.

அந்த நடையில் நான் ஆங்கிலத்தில் சண்டை போடுவேன். மனிதர்களோடு இல்லை, மரங்களோடு. "ஐ பெக் டு டிஃபர்" என்று ஒரு நாவல் மரத்திடம் சொல்வேன். "திஸ் இஸ் நாட் அக்செப்டபிள்" என்று ஓடையிடம் சொல்வேன். ஒரு தடவை வளைவில் திரும்பினால் காட்டுமாடு ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயில் இருந்தது அதுதான் என்பதால், "ஐ ஸ்ட்ராங்லி அப்ஜெக்ட்" என்றேன். அது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மேகத்துக்குள் போய்விட்டது. என் ஆங்கிலத்துக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் வெற்றி அது என்று நெடுநாள் பீற்றிக்கொண்டிருந்தேன்.

நான் வேலை பார்ப்பது பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில். ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், டைப்பிங், டிக்கெட் புக்கிங் எல்லாம் உண்டு. கடை ஒரு பாயுடையது. என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரைப் பாய் என்பேன். மெஷின்கள் அவர் பொறுப்பு, இங்கிலீஷ் என் பொறுப்பு.

கொடைக்கானலில் ஆங்கிலத்தில் புகார் எழுதுபவர்களுக்குப் பஞ்சமே இல்லை. வெந்நீர் வராத ஹோம்ஸ்டே மேல் புகார், அந்தப் புகாருக்கு ஹோம்ஸ்டேக்காரர் பதில், பதிலுக்கு மறுபடி புகார் என்று எல்லாம் எங்கள் கடை வழியாகத்தான் போகும். ஓய்வு பெற்று இங்கே வீடு வாங்கி வந்த ஒருவர் மாதம் இரண்டு கடிதம் கொண்டுவருவார். நீல மை, சாய்ந்த எழுத்து. பக்கத்து வீட்டு நாய்க்கு எதிராக ஒன்று, சுற்றுலா வேன்களின் ஹாரனுக்கு எதிராக ஒன்று, ஒருமுறை யாருடையது என்றே தெரியாத ஒரு சேவலுக்கு எதிராக மூன்று பக்கம். சொன்ன வார்த்தையை அவர் திரும்பச் சொன்னதே கிடையாது. நாய் என்றால் 'டிஸப்பாயிண்டட்'. ஹாரன் என்றால் 'அப்பால்ட்'. சேவலுக்கு 'ஐ டிப்ளோர்'. டைப் அடிக்க அடிக்க எனக்குக் கிறுகிறுக்கும். பிடிக்கவில்லை என்று சொல்ல இத்தனை வார்த்தைகளா!

ஒரு நூறு பக்க நோட்டு வாங்கி அவற்றை எழுதிவைக்க ஆரம்பித்தேன். எது லேசு, எது கடுமை என்று எனக்குப் பிடிபடாமல் திண்டாடியபோது பாய்தான் ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிவப்புப் பேனாவால் மிளகாய் வரைந்தார். 'கன்சர்ன்' என்றால் ஒரு மிளகாய். நெற்றி சுருங்கினால் போதும். 'டிஸ்அப்ரூவ்' இரண்டு. 'அப்ஜெக்ட்' மூன்று. 'கண்டெம்' நான்கு. 'டிப்ளோர்', 'அவுட்ரேஜ்' எல்லாம் ஐந்து. 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' மட்டும் இரண்டு பேரையும் குழப்பியது. ஆரம்பத்தில் மரியாதை, பின்னால் வருவது பூரா காரம். பாய் யோசித்து, ஒரு இலை வரைந்து அதற்குக் கீழே மிளகாயின் காம்பு மட்டும் தெரிகிற மாதிரி வைத்தார்.

எங்கள் ஊரில் இதில் ஒன்றுக்கும் வேலை இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று வாயால் சொல்ல மாட்டார்கள். 'பாப்போம்' என்றால் நடக்காது. 'அதுக்கென்ன, செஞ்சுட்டாப் போச்சு' என்றால் சத்தியமாக நடக்காது. குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டியிருந்தாலும் நல்லா இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. தண்ணீரை மட்டும் இரண்டு செம்பு குடிப்பார்கள்.

பொது விஷயம் என்றால் அதற்கு ஒரு தட்டு இருக்கிறது. கோயில் முன்னால் கூடுவோம். ஒருவர் ஒன்று கேட்டால், ஊர்ப்பெரியவர் பித்தளைத் தட்டில் வெற்றிலையைப் பரப்பி அனுப்புவார். சம்மதம் என்றால் ஒரு வெற்றிலை எடுத்துக்கொள்ளலாம். சம்மதம் இல்லை என்றால் விரலால் தட்டின் விளிம்பைத் தொட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்த்திவிட வேண்டும். வெற்றிலை குறையாமல் தட்டு வந்து சேர்ந்தால், "தட்டு திரும்பிருச்சு" என்று பெரியவர் சொல்வார். அத்துடன் சரி. ஒன்று குறைந்தாலும் அப்படிச் சொல்ல முடியாது, எடுத்தவர்களை வைத்துக் காரியம் நடக்கும். யார் எடுக்கவில்லை, ஏன் எடுக்கவில்லை என்று அப்புறமும் கேட்கக் கூடாது. வயசுப் பிள்ளையாக இருந்தபோது இதைப் பெரிய கோழைத்தனம் என்று நினைத்தேன். நோட்டு நிரம்ப நிரம்ப அந்த நினைப்பு இன்னும் கூடியது.

நாலு வருடத்துக்கு முன்னால் சோலைக்காட்டுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவில் இருக்கும் சரிவைக் கீழ்நாட்டுக்காரர் ஒருவர் வாங்கினார். காட்டேஜ் கட்டப்போகிறார் என்றார்கள். எங்கள் பாதை அந்த நிலத்துக்குள் கொஞ்ச தூரம் போகிறது. அங்கே கேட் போட்டுப் பூட்டிக்கொள்ள அவர் தாலுகா ஆபீஸில் அனுமதி கேட்டிருந்தார்.

பாதை போனால் தார்ரோடுதான். அது மலையைச் சுற்றிக்கொண்டு போகிறது. பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நான் கடையை விட்டுக் கிளம்புவதற்குள் சாயங்கால பஸ் போய்விடும். டவுனில் ரூம் எடுத்துத் தங்க வேண்டியதுதான். மதினிக்கு அதைவிடச் சங்கடம். மதினி என்றால் அண்ணன் பெண்டாட்டி. ஆனால் அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். வெள்ளனே கிளம்பி, கேரட்டும் பீன்ஸும் கூடையில் சுமந்து, டவுனில் வீடு வீடாக விற்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்பி வந்து பூண்டுக் காட்டில் இறங்குவாள். பஸ்ஸை நம்பினால் காய் விற்கலாம், இல்லை காட்டைப் பார்க்கலாம். இரண்டும் முடியாது. காலையில் முன்னால் அவள் கூடை, பின்னால் என் ஆங்கிலம் என்றுதான் நாங்கள் இருவரும் போவோம். "யார வையிறே?" என்று திரும்பாமலே கேட்பாள். "மரத்தை" என்பேன். "நல்லா வையி" என்பாள்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர். மலைக்குப் புதுசு, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தார். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்ததால் அதை வாசித்துச் சொல்ல ஊர்ப்பெரியவர் என்னைக் கூப்பிட்டிருந்தார். எனக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். நல்ல சேலை கட்டிக்கொண்டு அதிகாரி பக்கத்தில் போய் நின்றேன். மேகம் கோயில் வாசல் வரை வந்துவிட்டிருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. என் குரலே எனக்குத் தூரத்திலிருந்து கேட்டது.

"யாருக்காவது ஆட்சேபணை இருந்தாத் தாராளமாச் சொல்லுங்க" என்றார் அதிகாரி. யாரும் வாய் திறக்கவில்லை. பெரியவர் தட்டை அனுப்பினார்.

தட்டு கை மாறி மாறி மேகத்துக்குள் போய் வந்தது. ஒருவர் விடாமல் விளிம்பைத் தொட்டார்கள். மதினியின் விரலில் மண் ஒட்டியிருந்தது. மற்றவர்கள் தொட்ட இடத்தில் அவள் அழுத்தினாள். தட்டு லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசியில் தட்டு என்னிடம் வந்தது. அதிகாரிக்கு அது உபசாரத் தட்டு என்று நினைப்பு. "என்னம்மா, ஒருத்தருமே எடுக்க மாட்டேங்கிறாங்க? என்னப் பாத்துக் கூச்சப்படுறாங்களா? நீங்களாவது எடுத்துக்கங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பாவமாக இருந்தது. நானும் சிரித்தேன். எடுத்துவிட்டேன்.

தெரியாமல் எடுத்தேன் என்று சொன்னால் பொய். அந்தத் தட்டை நினைவு தெரிந்த நாளாகப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் அந்த ஒரு நொடி நான் டவுன்காரியாக இருந்தேன். கவுண்டரில் நின்று நின்று, யார் முகமும் சுளித்துவிடக் கூடாது என்கிற பழக்கம் கைக்கு வந்துவிட்டது. அதிகாரி குனிந்து 'நோ அப்ஜெக்‌ஷன் ரெய்ஸ்ட்' என்று எழுதியதை அவர் தோளுக்கு மேலே நானே பார்த்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லாவற்றையும் எழுத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஐந்து மிளகாய் வரை கையில் வைத்திருக்கிறவளுக்கு என்ன பயம்? வெற்றிலையை வாயில் போட்டு மென்றேன் வேறு.

மறுநாளே ஒரு கடிதம் அடித்தேன். நோட்டில் இருந்த எதையும் விட்டுவைக்கவில்லை. எதிர்த்தேன், கண்டித்தேன், அதிர்ந்தேன், கொதித்தேன். சேவல் கடிதக்காரர் பார்த்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பார். பாய் வாசித்துவிட்டு, "அக்கா, கண்ணு எரியுது" என்றார். கொஞ்ச நாளில் தமிழில் ஒரு வரி பதில் வந்தது. விசாரணையில் ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை என்று இருந்தது. அந்த மாதமே பச்சைப் பெயிண்ட் அடித்த இரும்பு கேட் வந்துவிட்டது. அதில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு.

கடைக்குப் பின்னால் ஒரு ரூம் எடுத்தேன். சனிக்கிழமை ஊருக்கு பஸ்ஸில் போய், திங்கள் காலை பஸ்ஸில் வருவேன். எப்போதும்போல பஜாரில் பன் வாங்கிக்கொண்டு போனேன். முன்பெல்லாம் பையைக் கீழே வைப்பதற்குள் காலியாகிவிடும். மதினிதான் முதலில் பைக்குள் கை விடுவாள். இப்போது மதினி, "வா, காப்பி போடுறேன்" என்றாள். காப்பியைக் கையில் தராமல் ஜன்னல் மேடையில் வைத்தாள். பன் பொட்டலத்தின் விளிம்பைத் தொட்டாள். அதை அப்படியே சுவரோரமாக நகர்த்தினாள். திங்கள் காலை நான் கிளம்பும்போதும் அது அங்கேயே இருந்தது, நூல்கூடப் பிரியாமல். அடுத்த வாரமும் அப்படித்தான். ஊரில் யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், சுகம் கேட்டார்கள். யாராவது கோயில் வாசலில் நின்று என்னைக் கிழிகிழி என்று கிழித்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

அண்ணன் மட்டும் ஒரு நாள் பஸ் ஏற்றிவிட வந்தபோது சொன்னான். "காய் எடுத்துட்டுப் போறத விட்டுட்டா. கூடை மூலையில கெடக்கு."

அந்த வாரம் பூரா கடையில் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். வெளியே மேகம், உள்ளே ஜெராக்ஸ் மெஷினின் சூடு, கண் சொக்கியது. பக்கம் பக்கமாகப் பார்த்தும் எனக்கு வேண்டியது இல்லை. அடுத்தவரை எதிர்க்கத்தான் அத்தனையும். தனக்குத் தன்னையே பிடிக்காமல் போனால் சொல்ல ஒன்று கிடையாது. 'ரெக்ரெட்' என்று ஒன்று இருந்தது. அது வெந்நீர் வராததற்கு ஹோம்ஸ்டேக்காரர்கள் போடுவது.

"பாய், தன் மேலேயே புகார் எழுதி யாராச்சும் இங்க அடிக்க வந்திருக்காங்களா?"

அவர் மெஷினிலிருந்து தலையைத் தூக்கி நிஜமாகவே யோசித்தார். "இல்லக்கா. எங்க அத்தா காலத்துல இருந்து அப்படி யாரும் வந்ததில்ல."

அன்றைக்கு இரண்டாவது கடிதத்தை அடித்தேன். நோட்டை மூடி டிராயரில் வைத்துவிட்டேன். எங்கள் ஊரில் தட்டு என்றால் என்ன, விளிம்பைத் தொட்டால் என்ன அர்த்தம் என்று எழுதினேன். அன்றைக்கு எல்லாரும் விளிம்பைத் தொட்டார்கள் என்று எழுதினேன். 'ஒரே ஒரு வெற்றிலை குறைந்தது. அதை எடுத்தவள் நான். எடுத்திருக்கக் கூடாது. எங்கள் ஊரின் பதிலை நான் கெடுத்துவிட்டேன். தயவுசெய்து மறுபடி வந்து கேளுங்கள்.' ஆங்கிலத்தில் அது பள்ளிக்கூடப் பிள்ளையின் விடுப்புக் கடிதம் போல இருந்தது. ஒரு மிளகாய்கூடத் தேறாது.

ஊர்க் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்கவேண்டுமானால் கோயில் முன்னால் நின்று அதைத் தமிழில் வாசிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வாசித்தேன். 'எடுத்தவள் நான்' என்ற இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு அந்த வரியைத் திரும்ப வாசித்தேன். கேட்டவள் நான் என்பதால் என் சார்பில் தட்டு போனது. வாழ்நாளில் எனக்காகத் தட்டு போனது அதுதான் முதல் தடவை. ஒவ்வொருவராக எடுத்தார்கள். கண் நிறைந்து எனக்கு யார் யார் என்றே தெரியவில்லை. மதினியிடம் போனபோது மட்டும் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அவள் விளிம்பைத் தொட்டாள், நகர்த்தினாள். கடிதம் அவள் கையெழுத்து இல்லாமல்தான் போனது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது.

மழை முடிந்து அதிகாரி மறுபடி வந்தார். இந்தத் தடவை நான் அவர் பக்கத்தில் நிற்கவில்லை. பெண்களோடு கீழே உட்கார்ந்திருந்தேன். தட்டு வந்தது. பித்தளை குளிர்ந்துபோயிருந்தது. தொட்டேன். எனக்கு அடுத்து மதினி. அவள் முன்போலவே அழுத்தினாள். பெரியவர் தட்டை அதிகாரி முன்னால் கொண்டுபோய் வைத்தார். அவர் வெற்றிலைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பேனாவோடு என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, இத ரிப்போர்ட்ல என்னன்னு எழுத? நீங்கதான் இங்கிலீஷ்காரங்க. சொல்லுங்க."

அத்தனை வருடமாகச் சேர்த்துவைத்தவை எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

"தட்டு திரும்பிருச்சுன்னு எழுதுங்க சார்."

அவர் அதைத்தான் எழுதினார், தமிழிலேயே. அடுத்த மாதம் உத்தரவு வந்தது. கேட் இருக்கலாம், பூட்டு கூடாது என்றார்கள். பச்சைக் கேட் இன்னமும் அங்கே நிற்கிறது, கொஞ்சம் துருப்பிடித்து. தள்ளினால் திறக்கும்.

ரூமைக் காலி செய்துவிட்டு ஊருக்கு வந்த பிறகு, முதல் காலை நடை. விடிந்தும் விடியாமலும் மேகம். வாசலுக்கு வந்தால் மதினி கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். முன்னால் நடந்தாள். பின்னால் நான். பூண்டுப் பாத்தி, ஓடை, சோலைக்காடு. அவளையும் காணவில்லை, பாதையையும் காணவில்லை. கூடைப் பிரம்பு கிரீச்சிடும் சத்தம் மட்டும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது. மரங்களை வைய எனக்கு வாய் வரவில்லை. கேட்டைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனதும் அவள் கூடையை இறக்கி வைத்தாள்.

"பையில என்ன, பன்னா?"

"ஆமா. முந்தாநாள் வாங்குனது. பையிலேயே கெடக்கு."

கையை நீட்டினாள். கொடுத்தேன். ஒரு கடி கடித்து, மென்று, என் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒருத்தி வாயிலிருந்து நான் அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னாள்.

"நல்லாவே இல்ல."

சொல்லிவிட்டு முழுசையும் தின்றாள். கூடையைத் தூக்கிவிடச் சொல்லித் தலையைக் குனிந்தாள். நான் தூக்கிவிட்டேன், அழுதுகொண்டே.

"வெரசா வா. பீன்ஸ் வாடிரும்" என்று சொல்லிக்கொண்டே மேகத்துக்குள் போனாள்.